அம்மாவின் கொப்புளம் ஆற ஏன் ஆறு வாரம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அம்மாவுக்கு 58 வயது, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உங்களோடு இருக்கிறார். எட்டு ஆண்டுகளாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாக எடுத்தபோது 9.2. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. இந்த ஆண்டில் மூன்று முறை சளி பிடித்து நெஞ்சில் இறங்கியிருக்கிறது. கெண்டைக்காலில் வந்த ஒரு கொப்புளம் ஆற ஆறு வாரம் ஆனது. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று ஒரு டப்பா சத்துமாவு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். எடையைக் குறைக்கச் சொன்னால், "இளைச்சா இருக்கிற தெம்பும் போயிடும்" என்கிறார் உங்கள் சின்னம்மா. ஒரு ஸ்பூன் சீனி தின்றாலே வெள்ளை அணுக்கள் ஐந்து மணி நேரம் செயலிழக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி வேறு. எடை, சாப்பாடு, சர்க்கரை மூன்றில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் தாதியாக இருந்தேன். அதில் பெரும்பகுதி, நீரிழிவுக்காரர்களின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் கழிந்தது. அந்த அறையில் கண்டதையும் வேலைக்காகப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். சர்க்கரையிலிருந்து தொடங்குங்கள். எடை அதற்கு அடுத்து. டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

ஏன் சர்க்கரை முதலில்? காலில் ஒரு முள் குத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள். அவை இரத்தக் குழாயின் சுவரில் ஒட்ட வேண்டும், இடுக்கு வழியாக வெளியே நழுவ வேண்டும், கிருமி இருக்கும் திசையை மோப்பம் பிடித்துப் போக வேண்டும், அதை விழுங்க வேண்டும், விழுங்கியதைக் கொல்ல வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை நீண்ட நாள் ஏறியே இருந்தால் இந்த ஒவ்வொரு படியும் கொஞ்சம் தடுமாறும். கொல்லும் வேலையை மட்டும் பாருங்கள். விழுங்கிய கிருமியின் மேல் ஊற்ற, பெராக்சைடு வகை நச்சை அணு தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கு என்ஏடிபிஎச் என்ற மூலப்பொருள் தேவை. சர்க்கரை மிதமிஞ்சி உள்ளே வந்தால், அதைச் சார்பிட்டாலாக மாற்றித் தள்ளவும் அதே மூலப்பொருள்தான் செலவாகிறது. கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை வட்டிக்கே கட்டிவிட்ட குடும்பம் மாதிரி. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். இரத்தப் பரிசோதனைத் தாளில் குறை எதுவும் தெரியாது. கையில் ஆயுதம் இருக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் நடக்கிறது. எச்பிஏ1சி என்பதே, சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால்தான் அது கடந்த இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்கிறது. ஹீமோகுளோபினில் ஒட்டும் சர்க்கரை மற்ற புரதங்களை மட்டும் விட்டுவிடுமா? கிருமிக்கு அடையாளக் குறி போடும் காம்ப்ளிமென்ட் புரதங்கள், ஆன்டிபாடிகள் எல்லாவற்றிலும் ஒட்டும். பிசுபிசுத்த கையோடு வேலை செய்வது போல அவையும் மந்தமாகின்றன.

உங்கள் அம்மாவின் 9.2 என்பது, சராசரியாக ஒரு லிட்டர் இரத்தத்தில் சுமார் 12 மில்லிமோல் சர்க்கரை ஓடுகிறது என்று பொருள். இந்தியாவில் உள்ளவர்கள் கேட்கும் மில்லிகிராம் கணக்கில் 217. சிறுநீரகம் ஏறத்தாழ 10 மில்லிமோல் வரைதான் சர்க்கரையைப் பிடித்து வைக்கும், அதற்கு மேல் போனால் சிறுநீரில் விடும். அப்படியானால் அம்மாவின் சிறுநீரில் நாளில் பாதி நேரமாவது சர்க்கரை இருக்கிறது. பூஞ்சைக்கு அது விருந்து. நம் வீட்டுப் பெண்கள் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். கீழே அரிப்பு இருக்கிறதா, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கிறதா என்று மகனால் கேட்க முடியாவிட்டால் உங்கள் மனைவியையோ அக்காவையோ கேட்கச் சொல்லுங்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் ஒரு மாத்திரை வகையும் உண்டு, எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போல. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள். ஆனால் அரிப்பு அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. அரிப்பைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, கொப்புளத்துக்கு வருகிறேன். நியூட்ரோஃபில் தடுமாறுவது ஒரு காரணம். இரத்தமும் நரம்பும் மற்ற இரண்டு. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை ஏறியிருந்தால் காலின் இரத்தக் குழாய்கள் குறுகி அடைபடும், உதவிக்கு வரும் அணுக்களும் பிராணவாயுவும் குறைவாகத்தான் போய்ச் சேரும். நரம்பு மரத்துப்போனால் வலியே தெரியாது. ஒருமுறை அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். பணிஓய்வுக்குப் பிறகும் காவலாளி வேலை, நாள் முழுக்க நடை. காலுறை ஈரமாக இருக்கிறது என்றுதான் சொன்னார், வலி என்று சொல்லவே இல்லை. காலணியைக் கழற்றிக் கவிழ்த்தேன். அதன் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு வரைபட ஊசி, அறிவிப்புப் பலகையில் தாள் குத்துவோமே அதுதான், உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் அதன் மேல் நடந்தாரோ, அவருக்கே தெரியவில்லை. பெருவிரலுக்குக் கீழே இருபது காசு அளவுக்குச் சீழ். அவர் மனைவி அதற்கு முந்தின வாரம்தான் "எதிர்ப்புச் சக்திக்கு" என்று தேனில் ஊறிய நெல்லிக்காய் வாங்கிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்தி. அது முழுப் பொய் இல்லை. 1973இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. சில தொண்டர்களுக்கு ஒரே தடவையில் 100 கிராம் சர்க்கரை கொடுத்து, பிறகு இரத்தம் எடுத்து, அதில் நியூட்ரோஃபில்கள் எத்தனை கிருமிகளை விழுங்குகின்றன என்று எண்ணினார்கள். சில மணி நேரம் விழுங்கும் வேகம் குறைந்தது. தேனும் ஆரஞ்சுச் சாறும் கூட அதையே செய்தன என்பதை யாரும் பகிர்வதில்லை. அந்தத் தொண்டர்களுக்குக் கூடுதலாக நோய் வந்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. 100 கிராம் என்பது இருபது தேக்கரண்டிக்கு மேல். தீபாவளிக்கு ஒரு லட்டு தின்றதால் சளி வராது. மூன்று மாதம், மூன்று வருடம் என்று இறங்காமலே நிற்கும் சர்க்கரைதான் கெடுதல் செய்கிறது.

மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்வக்கோளாறில் சர்க்கரையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவரும் பிள்ளைகளும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த நைஸ்-சுகர் ஆய்வு 2009இல் வெளியானது. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை 4.5க்கும் 6 மில்லிமோலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தால் இறப்பு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். கூடியது. வீட்டில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் எச்பிஏ1சி 9.2ஐ அவசர அவசரமாக 6 ஆக்கப் பார்க்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு 7ஐ ஒட்டி ஒரு குறி வைப்பார்கள். அவருடைய குறி எது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அடுத்து எடை. நான் படித்த காலத்தில் கொழுப்பைச் சேமிப்புக் கிடங்கு என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். 1993இல், பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் சுரப்பதைக் கண்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 2003இல், கொழுப்புக்குள் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் குடியேறியிருப்பது தெரிந்தது. ஒல்லியான உடம்பின் கொழுப்பில் பத்து சதவீதம் போல இருந்தவை, பருமனில் நாற்பது சதவீதம் வரை. வயிற்றுக்குள் கொழுப்பணுக்கள் அளவுக்கு மீறி வீங்கினால் அவற்றில் சில சாகும், அந்தப் பிணத்தைச் சுற்றி இவை கூடும், கூடியவை ஓயாமல் அழற்சிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஊரில் எந்நேரமும் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தால், நிஜமாகவே திருடன் வந்த அன்று அடிக்கும் தண்டோரா யார் காதில் விழும்? அதே அழற்சி இன்சுலின் பேச்சையும் உடம்பு கேட்காமல் செய்கிறது, சர்க்கரை ஏறுகிறது. அதனால்தான் எடையையும் சர்க்கரையையும் தனித்தனியாகப் பிரிப்பது கடினம்.

2009இல் எச்1என்1 காய்ச்சல் பரவியபோதுதான், பருமனே தனி ஆபத்து என்று மருத்துவ உலகம் உரக்கச் சொன்னது. கொவிட்டில் அதையே எல்லோரும் கண்ணால் பார்த்தோம். தடுப்பூசியிலும் வித்தியாசம் உண்டு. பருமனானவர்களிடம் ஹெப்படைட்டிஸ் பி ஊசி சரியாகப் பிடிப்பதில்லை என்று 1980களிலேயே கண்டார்கள். சளிக்காய்ச்சல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் அவர்களிடமும் ஆன்டிபாடி நன்றாகவே ஏறுகிறது, ஆனால் ஆண்டு முடிவதற்குள் வேகமாக இறங்குகிறது. அதற்காக ஊசி வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அம்மாவின் உடல் எடைக் குறியீடு 28.3. மேற்கத்தியக் கணக்கில் இது "கொஞ்சம் கூடுதல்" என்ற வகையில் போய்விடும், அங்கே பருமன் 30இல்தான் தொடங்கும். சிங்கப்பூரில் ஆசிய உடம்புக்கான அளவைப் பயன்படுத்துகிறோம். 23ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அதிக ஆபத்து. நம்மவர்களுக்குக் கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னாலும் இருக்கும் வழக்கம் உண்டல்லவா, அந்த வயிற்றுக்குள் இருப்பதுதான் சத்தம் போடும் கொழுப்பு. எடை எந்திரத்தைவிட அளவு நாடா நேர்மையானது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள். உங்களுடையதையும் அளந்து பாருங்கள். 2021-22 கணக்குப்படி இங்கே பெரியவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது சீனர்களைவிடக் கூடுதல்.

சின்னம்மா சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பட்டினி கிடந்து இளைத்தால் எதிர்ப்புச் சக்தி குறையத்தான் செய்யும். கொழுப்பு மிகவும் வற்றினால் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கி, டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களும் சோர்ந்துபோகும். இரவில் வெறும் கஞ்சி, ஒருவேளை பழம் என்று மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும், 58 வயதில் போன தசை திரும்புவது பாடு. நான் சொல்வது ஐந்து சதவீதம். அம்மாவுக்கு மூன்றரை கிலோ. அதை ஆறு மாதத்தில் குறைத்தாலே சர்க்கரையில் வித்தியாசம் தெரியும். ஒன்றும் செய்யாமல் தானாக எடை குறைந்தால் மட்டும் மகிழ வேண்டாம். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனாலும் உடம்பு இளைக்கும், காசநோயிலும் இளைக்கும். நீரிழிவுக்காரர்களுக்குக் காசநோய் தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மூன்று மடங்கு. இருமல் மூன்று வாரத்தைத் தாண்டியதா, இரவில் வியர்க்கிறதா? அப்படியானால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நெஞ்சு எக்ஸ்ரே கேளுங்கள்.

சாப்பாட்டில் எங்கே கை வைப்பது? நீங்கள் எழுதிய பட்டியலைப் பார்த்தேன். காலையில் இரண்டு தோசை, பத்து மணிக்குக் கீழ்த்தளக் காப்பிக் கடையில் தே (கெட்டிப் பால் ஊற்றிய தேநீர்), மதியம் சோறு, நாலு மணிக்குத் தே, பிஸ்கட், இரவு மறுபடி சோறு, படுக்கும் முன் அந்தச் சத்துமாவு. சோற்றைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். என் கண் முதலில் போனது தேயின் மேல். கெட்டிப் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால் 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. தினம் இரண்டு குவளை. "தே சி கொசோங்" என்று சொல்லிப் பழகச் சொல்லுங்கள், பாலும் இருக்கும், சீனி இருக்காது. முதல் வாரம் முகம் சுளிப்பார். "சியூ தாய்" (இனிப்புக் குறைவாக) என்று குறைத்துக் குறைத்துப் போனால் ஒரு மாதத்தில் பழகிவிடும். அப்புறம் அந்த டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். எதன் பெயர் முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். சீனியோ, சட்டென்று சர்க்கரையாக மாறும் மால்டோடெக்ஸ்ட்ரினோ முதல் மூன்றுக்குள் வந்தால், எதிர்ப்புச் சக்திக்கு என்று நீங்கள் கொடுப்பது இரவு பத்து மணிக்கு ஒரு குவளை இனிப்பு. புட்டிப் பானங்களில் 2022 இறுதியிலிருந்து நியூட்ரி-கிரேட் என்ற தர எழுத்து (ஏ முதல் டி வரை) இருக்கிறது, டி என்றால் வாங்காதீர்கள். டப்பா மாவிலும் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் பட்டியலில் குறைந்திருப்பது புரதம். ஆன்டிபாடி என்பதே புரதம், புண் மூடும் தோலும் புரதம். அம்மாவுக்கு நாளைக்கு அறுபது எழுபது கிராம் தேவைப்படும். இரண்டு தோசையும் சாம்பாரும் பத்துக் கிராம் சொச்சம் தரும். ஒரு முட்டை ஆறு கிராம். உள்ளங்கை அளவு குராவ் மீன் இருபது கிராம். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கும்போதே பக்கத்தில் சோயாவில் செய்த தவ்குவாவும் தெம்பேயும் வாங்கிவிடுங்கள், அவற்றைச் சாம்பாரில் போட்டால் அம்மா மறுக்க மாட்டார். புரட்டாசியில் கவனம் தேவை. மீனை நிறுத்தும் பல வீடுகளில் அந்த இடத்தை உருளைக்கிழங்கும் வடையும் பிடித்துக்கொள்கின்றன, ஐப்பசியில் வந்து சர்க்கரை பார்த்தால் ஏறியிருக்கும். சிறுநீரகம் பாதித்திருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சோற்றை நிறுத்த வேண்டாம், கடைசியில் சாப்பிடட்டும். கீரை, பொரியல், மீன் முதலில், சோறு பிறகு. அதே சாப்பாடுதான், வரிசை மாறினாலே சர்க்கரை ஏறும் உச்சம் தணியும். சாப்பிட்டதும் கீழ்த்தளத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் தணியும். நார்ச்சத்து குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனி. அவை அதிலிருந்து பியூட்டிரேட் என்ற பொருளைச் செய்கின்றன, அது அழற்சியை அடக்குகிறது. விட்டமின் சி மாத்திரை சளி வராமல் தடுக்காது, வந்த சளியைச் சற்றே சுருக்கலாம். பாதிக் கொய்யாப் பழத்திலேயே ஒரு நாளுக்கான விட்டமின் சி கிடைத்துவிடும். விட்டமின் டி வேறு கதை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு குடை, குளிர்சாதனம், கூரைபோட்ட நடைபாதை என்று வாழ்கிறோம். இரத்தத்தில் பார்த்துவிட்டுக் குறைவென்றால் எடுக்கலாம்.

காய்ச்சல் வந்த நாளில் கணக்கு தலைகீழாகும். தொற்று வந்தால் உடம்பு கார்டிசோலும் அட்ரினலினும் சுரக்கும், ஒன்றும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். "சாப்பிடவே இல்லையே" என்று இன்சுலினைத் தாமாக நிறுத்தியவர்கள் அவசரப் பிரிவுக்கு வந்ததைக் கண்டிருக்கிறேன். மாறாக, வாந்தியும் பேதியும் இருக்கும்போது நிறுத்தி வைக்க வேண்டிய மாத்திரைகளும் உண்டு, நான் மேலே சொன்ன வகை அதில் ஒன்று. எது எப்படி என்று நன்றாக இருக்கும்போதே மருந்தாளரிடம் எழுதி வாங்கி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். மூட்டு வலிக்கு என்று யாரோ கொண்டுவந்து தரும் பெயர் தெரியாத மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கும்.

தடுப்பூசி பற்றி: ஆண்டுக்கு ஒருமுறை சளிக்காய்ச்சல் ஊசி, அதோடு நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி. இரண்டும் பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் நீரிழிவுக்காரர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டவை, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டலாம். மூன்று முறை நெஞ்சில் சளி இறங்கியவருக்கு எந்த டப்பாவையும்விட இவை பயன் தரும்.

அம்மா சமூகத் தோட்டத்தில் செடி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது, விடவேண்டாம். ஆனால் வெறுங்காலோடு வேண்டாம். இந்த மண்ணிலும் சேற்றிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இருக்கிறது, கனமழைக்குப் பிறகு கூடுதலாகத் தலைகாட்டும். தோல் கீறல் வழியே ஏறும். சிங்கப்பூரில் அது அரிதுதான், ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் நீரிழிவுக்காரர்கள். மூடிய காலணியும் கையுறையும் போதும்.

இன்றிரவு அவர் தொலைக்காட்சி பார்க்கும்போது காலைப் பாருங்கள். உள்ளங்கால், குதிகால் வெடிப்பு, ஒவ்வொரு விரலிடுக்கும். வெளிச்சம் போதாவிட்டால் கைத்தொலைபேசி விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் பெருவிரலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்தில் கால் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். சிவப்பு பரவுகிறது, நாற்றம் வருகிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் நேரம் வாங்கவும் வேண்டாம், அன்றே அழைத்துப் போங்கள்.